நாலு சில்லும் இழுக்கிற கார்

சிட்னியில் எங்கள் சனம் தனியாகப் போய் வீடு வாங்கும். தனியாகப் போய் வக்கீலைப் பார்க்கும், தனியாகப் போய் முழங்காலில் சத்திரசிகிச்சைகூடச் செய்துகொண்டு வரும். ஆனால் பழைய கார் வாங்க மட்டும் தனியாகப் போகாது. அதற்குக் கூட்டம் வேண்டும். கூட்டத்தில் காரைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தெரிந்த மாதிரிப் பேசக்கூடியவர் ஒருவர் இருந்தால் போதும்.

செவன் ஹில்ஸில் எங்களுக்கு அப்படி ஒருவர் வாய்த்திருந்தார். எல்லோரும் அவரைக் கார் அங்கிள் என்பார்கள். அவர் கார் விற்பவரும் இல்லை, திருத்துபவரும் இல்லை. ஓய்வு பெறும்வரை பரமட்டாவில் ஏதோ ஒரு கந்தோரில் கோப்புகளோடு இருந்தவர். ஆனால் எங்கள் வட்டாரத்தில் எந்த வீட்டு வாசலில் எந்தக் கார் நின்றாலும் அது அவர் பார்த்துக் கொடுத்ததாகவே இருக்கும். அதனால்தான் எங்கள் கோயில் வாகனத் தரிப்பிடத்தில் ஒரே மாதிரி வெள்ளைக் கார்கள் வரிசையாக நிற்கும். பூசை முடிந்து வருகிறவர்கள் அடுத்தவர் காரின் கதவை இழுத்துப் பார்த்துவிட்டு அசட்டுச் சிரிப்போடு நகர்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இந்த வழக்கம் என் வேலையைப் பறிக்கப் பார்த்தது. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

நான் ஊரில் மருந்தாளராகப் படித்துப் பட்டம் பெற்றவள். இங்கே வந்தபின் செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில் ஒரு களஞ்சியத்தில் விற்றமின் போத்தல்களைப் பெட்டிகளில் அடுக்கி, பெட்டிகளுக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தேன். மருந்து படித்தவளுக்கு மருந்துப் பெட்டியைத் தொடவாவது கிடைத்ததே என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். இரவில் குசினி மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்து, இந்த நாட்டுப் பரீட்சைகளை ஒவ்வொன்றாகத் தாண்டினேன். பிறகு பரமட்டாவில் கடை கடையாக ஏறினேன். உள்ளூர் அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். வேலை தந்தால் அனுபவம் வரும் என்றேன். அனுபவம் வந்தால் வேலை தருகிறோம் என்றார்கள். கடைசியில் நீலமலைகளைத் தாண்டி, லித்கோவுக்கும் அப்பால் ஒரு சின்ன ஊரில் ஒரு மருந்துக்கடை என்னை எடுத்துக்கொண்டது. கடைக்காரி வேறொரு ஊரில் இன்னொரு கடை வைத்திருந்த நடுவயதுப் பெண். நேராகப் பேசுபவர். "குளிர்காலம் முடியட்டும், நீ சமாளித்துவிட்டால் நிரந்தரம்," என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மருந்தாளர் உள்ளே இல்லாமல் இங்கே மருந்துக்கடையைத் திறக்கக் கூடாது. அந்தக் கடையில் மருந்தாளர் நான் ஒருத்திதான். நான் வராவிட்டால், கல்லாவில் நிற்கும் பெண் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில்தான் நிற்க வேண்டும். அவளோடு ஊரும் நிற்கும். ரயிலில் போகலாமே என்று கேட்பவர்களுக்கு: ரயில் லித்கோவோடு நின்றுவிடும். அங்கேயே குடிபோகலாமே என்று கேட்பவர்களுக்கு: என் கணவருக்குப் பரமட்டாவில் கணினி வேலை, கோயில் மேய்ஸ் ஹில்லில், நல்ல மீன் கிடைப்பது இந்தப் பக்கத்தில். இவற்றில் எது முக்கியமான காரணம் என்று நான் அவரை விசாரித்ததில்லை.

கோடைகாலம் முழுவதும் எங்கள் சின்னக் காரில் பாடிக்கொண்டே போய் வந்தேன். அதுவும் கார் அங்கிள் பார்த்துக் கொடுத்த வெள்ளைக் கார்தான். குளிர் தொடங்கியதும் பாட்டு நின்றது. மவுண்ட் விக்டோரியா தாண்டி இறங்கும் வளைவில் ஒரு காலை, தெருவில் கண்ணுக்கே தெரியாமல் படிந்திருந்த பனிக்கட்டியில் கார் வழுக்கியது. நான் சுக்கானைத் திருப்பிய பக்கம் ஒன்று, கார் போன பக்கம் ஒன்று. குறுக்காகத் திரும்பி, பாறைக்குப் பக்கத்தில் போய் நின்றது. எனக்கும் காருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் அங்கேயே இருந்து நன்றாக அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்க் கடையைத் திறந்தேன்.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். பயந்துபோனார்.

"அப்ப வேலையை விடுமன். உயிரைவிட வேலையே பெரிசு?"

"விடமாட்டன். திரும்பப் போய் நாடா ஒட்டமாட்டன். முன் சக்கரம் ரெண்டும் மட்டும் இழுக்கிற இந்தக் கார் மலைக்குச் சரிவராது. எனக்கு நாலு சில்லும் இழுக்கிற கார் ஒண்டு வேணும். பழசெண்டாலும் பரவாயில்லை, நம்பி ஓடக்கூடியதாய் இருக்கோணும்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் யோசித்து முடிக்கும் போதெல்லாம் ஒரே இடத்தில்தான் போய் நிற்பார்.

"சரி, அங்கிளைக் கேப்பம்."

அங்கிள் தன் மனைவி அன்ரியோடு வந்தார். கதிரையில் சாய்ந்து இருந்து, தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டுத் தொடங்கினார்.

"மலையோ? நான் நுவரெலியாவுக்கு வான் ஓடினனான் பிள்ளை. எனக்கு மலையைப் பற்றிச் சொல்லாதையும்."

"அங்க தெருவில பனிக்கட்டி இல்லையே அங்கிள்."

"மலை மலைதான் பிள்ளை. முதல் ஒரு விஷயம். வெள்ளையாய் இருக்கோணும். யப்பான் காராய் இருக்கோணும். றீசேல் இருக்கோணும்."

றீசேல் என்ற சொல்லை அவர் மற்றவர்கள் முருகா என்று சொல்லும் பக்தியோடு சொல்வார். ஒரு காரை வாங்குவதன் நோக்கமே அதைப் பிறகு விற்பதுதான் என்பது அவருடைய கொள்கை. இடையில் அதை ஓட்டவும் வேண்டியிருப்பது அவருக்குக் கொஞ்சம் கவலை தருகிற விஷயம்.

இரண்டு கிழமை தேடி நானே ஒரு விளம்பரத்தைக் கண்டுபிடித்தேன். பிளாக்ஹீத்தில், மலையின் மேலேயே, ஓய்வு பெற்ற சங்கீத ஆசிரியை ஒருவர் தன் பழைய காரை விற்கிறார். நாலு சில்லும் இழுக்கிற யப்பான் கார். நீளமான பின்பகுதியுள்ள, பச்சை நிறக் கார். பச்சை என்றதும் அங்கிளின் முகம் சுருங்கியது. ஆனாலும் பார்க்கப் போவதில் அவருக்கு ஆசை. ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஏழுபேர் வானில் போனோம். அங்கிள், அன்ரி, என் கணவர், நான். அன்ரி ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் பொரித்து எடுத்து வந்தார். கார் சரிவந்தாலும் வராவிட்டாலும் ரோல்ஸ் வீணாகாது என்பது அன்ரியின் கணக்கு.

ஆசிரியை கம்பளித் தொப்பியோடு வாசலுக்கு வந்தார், பின்னால் ஒரு கிழட்டு நாய். நாலு பேர் இறங்கியதைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்துப் போனார். கார் வாங்குவது யார் என்று கேட்டார். நான் கையை உயர்த்தினேன். உடனே மற்ற மூவரையும் விட்டுவிட்டு என்னிடமே பேசத் தொடங்கினார். எங்கே ஓடப் போகிறாய்? காலையில் எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புவாய்? கடைக்குப் போகும் கடைசி ஏற்றத்தில் வெயில் படுமா, நிழலா? நிழல்தான், பனிக்கட்டி சீக்கிரம் உருகாது என்றேன். அவர் தலையை ஆட்டினார். என் வீட்டில் ஒருவரும் என்னிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டிருக்கவில்லை. எனக்கு அவரைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போலிருந்தது.

"இது நாலு சில்லாலும் இழுக்கும். ஆனால் பிரேக் போட்டால் நிற்கிறது எல்லாக் காரையும் போலத்தான். அதை மறந்துவிடாதே. நல்ல டயர் போடு, மெதுவாகப் போ," என்றார்.

இதற்கிடையில் அங்கிள் தன் பரிசோதனையைத் தொடங்கிவிட்டார். முதலில் டயருக்கு ஒரு உதை. பிறகு மூடியைத் திறக்கச் சொல்லி, எஞ்சினுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பின்கதவைத் திறந்து முகர்ந்தார்.

"நாய் மணக்குது."

"கழுவினாப் போயிடும் அங்கிள்," என்றேன்.

பிறகு காரின் முன்னால் வந்து நம்பர் பிளேட்டைப் பார்த்தார். விரல் மடித்துக் கூட்டினார். இன்னொரு முறை கூட்டினார். ஆங்கில எழுத்துக்களுக்கும் ஒவ்வொரு எண் இருக்கிறதாம், அவற்றையும் சேர்த்துக் கூட்டினார். பிறகு நெஞ்சு வலிக்காரர் மாதிரிப் பெருமூச்சு விட்டார்.

"எட்டு."

என் கணவரின் முகம் வாடியது. எங்கள் சனத்துக்கு எட்டு என்றால் போதும். அது சனியின் எண். எட்டில் கார் எடுத்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு துன்பம் பட்டிருப்பார்கள். எட்டில் எடுக்காதவர்களும் பட்டிருப்பார்கள், ஆனால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆசிரியை என்ன பிரச்சினை என்று கேட்டார். என் கணவர் நெளிந்தபடி, நம்பர் எங்களுக்குப் பொருந்தவில்லை என்றார். ஆசிரியை அதை விலை என்று விளங்கிக்கொண்டார் போலிருக்கிறது. பரவாயில்லை என்று விலையைக் குறைத்தார். கேட்காமலே ஒரு வெள்ளைக்காரி விலையைக் குறைத்த அந்தக் கணத்தில் அங்கிளின் கண்ணில் ஒரு போராட்டத்தைக் கண்டேன். வாழ்நாள் முழுவதும் எதிர்பார்த்திருந்த வரம் வாசலுக்கு வந்திருக்கிறது. ஆனால் சனி வென்றது. அவர் கையை விரித்துவிட்டார்.

"அங்கிள், நம்பர் பிளேட்டை மாத்தலாம். வாகனப் பதிவுக் கந்தோரில போய்க் கேட்டா வேற நம்பர் தருவினம்."

"பேரை மாத்தினா சாதகம் மாறுமோ பிள்ளை?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் நாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

அடுத்த வியாழக்கிழமை நான் கடையில் இருந்தேன். மத்தியானம் கைபேசியில் ஒரு படம் வந்தது. உயரமான வெள்ளைக் கார். அதன் பக்கத்தில் என் கணவர் வெட்கச் சிரிப்போடு, அங்கிள் காரின் தோளில் கை போட்டபடி. பரமட்டா பக்கம் ஒரு விற்பனை முற்றத்தில் நல்ல நேரம் பார்த்து வாங்கிவிட்டார்களாம். எனக்கு வியப்பாக இருக்கட்டும் என்று சொல்லாமல் செய்தார்களாம். உடனே எடுத்துப் பேசினேன்.

"நாலு சில்லும் இழுக்குமோ எண்டு கேட்டனீங்களோ?"

"அங்கிள் கேட்டவர்."

பின்னாலிருந்து அங்கிளின் குரல் கேட்டது: "உயரமான கார் பிள்ளை! உயரமான கார் எல்லாம் நாலு சில்லாலயும் இழுக்கும். நம்பர் கூட்டினா ஆறு. லட்சுமி!"

சனிக்கிழமை கடை முடிந்து நேரே மேய்ஸ் ஹில் கோயிலுக்கு வரச் சொன்னார்கள். ஐயர் காருக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினார். நாலு சில்லுக்கும் முன்னால் நாலு எலுமிச்சங்காய் வைத்தார்கள். ஓட்டும் உரிமையை அங்கிள் எடுத்துக்கொண்டார். "மலைக்குப் போற கார், இனி முருகன்தான் பொறுப்பு," என்று சொல்லி மெதுவாக முன்னே எடுத்தார். நாலு எலுமிச்சங்காயும் ஒரே நேரத்தில் நசிந்தன. அந்தக் காரின் நாலு சில்லும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்தது அன்று மட்டும்தான்.

எனக்குச் சந்தேகம் இருந்தது. அன்றிரவே காரின் கையேட்டை எடுத்துப் படித்தேன். நாலு சில்லும் இழுப்பதைப் பற்றி ஒரு முழு அத்தியாயமே இருந்தது. ஆனால் ஒவ்வொரு பந்தியும் 'பொருத்தப்பட்டிருந்தால்' என்று தொடங்கியது. எங்கள் காரில் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று கையேட்டுக்குத் தெரியவில்லை. விற்றவரைக் கேளுங்கள் என்று கணவரிடம் சொன்னேன். கோயிலில் வைத்து எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாகிவிட்டது, இனிக் கேட்டு என்ன என்றார். சர்க்கரைப் பொங்கல் கொடுத்த பிறகு எங்கள் சனத்தில் கலியாணங்கள்கூட விசாரிக்கப்படுவதில்லை.

விடை கடும் குளிர் வந்த ஒரு காலையில் கிடைத்தது. நெடுஞ்சாலையில் பிரச்சினை இருக்கவில்லை, பனிக்கட்டி உருக உப்புத் தூவியிருந்தார்கள். ஹாட்லி பள்ளத்தாக்கில் இறங்கி ஏறி, கடை இருக்கும் ஊருக்குத் திரும்பி, அந்தக் கடைசி ஏற்றத்துக்கு வந்தேன். தெரு முழுவதும் கண்ணாடி மாதிரிப் பனிக்கட்டி. பாதி ஏறியதும் கார் நின்றது. மிதித்தேன். முன் சில்லுகள் கத்திக்கொண்டு சுழன்றன. கார் மெதுவாக, மரியாதையாக, பின்னுக்கு வழுக்கி ஒரு வேலிக் கட்டையில் சாய்ந்தது. இறங்கிப் பார்த்தேன். முன் சில்லுகள் இரண்டும் பனியை அரைத்துத் தள்ளியிருந்தன. பின் சில்லுகள் இரண்டும் மேடையில் இருக்கும் கௌரவ விருந்தினர்கள் மாதிரி ஒன்றும் செய்யாமல் இருந்தன. சந்தனப் பொட்டுகூட அழியவில்லை.

கையேடு சொல்லாததைச் சில்லுகள் சொல்லிவிட்டன. காரை அங்கேயே விட்டுவிட்டு, வேலிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து மேலே நடந்தேன். கடை வாசலில் ஊர் நின்றது. இன்சுலின் எடுக்க வந்த ஒரு கிழவர். காய்ச்சல்காரக் குழந்தையை மேலங்கிக்குள் போட்டுக்கொண்டு ஒரு தாய். போதைப் பழக்கத்தை விடுவதற்காகத் தினமும் காலையில் என் முன்னால் நின்று தன் மருந்தைக் குடித்துவிட்டு வேலைக்குப் போக வேண்டிய ஒரு மனிதர். அவருடைய விரல்கள் குளிரில் நீலமாக இருந்தன. யாரும் ஏசவில்லை. கிழவர், நீ விழவில்லையே என்றுதான் கேட்டார். ஏசியிருந்தால் எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

அன்று பின்னேரம் கடைக்காரி பேசினார். கோபமே இல்லாத குரல். இன்னொரு முறை இப்படி நடந்தால் இந்தப் பக்கத்திலேயே ஒருவரைத் தேட வேண்டியிருக்கும், குறை நினைக்காதே என்றார். நான் குறை நினைக்கவில்லை. அவர் சொன்னது சரி. எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்ததெல்லாம் விற்றமின் பெட்டியும் நாடாவும்தான்.

வீட்டில் நான் கத்தினேன். கணவர் அங்கிளுக்கு அழைப்பெடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி கைபேசியை மேசையில் வைத்தார்.

"பிள்ளைக்கு மலையில ஓடிப் பழக்கமில்லை," என்றார் அங்கிள். "கார் பிழையில்லை. நான் ஒரு வழி சொல்லுறன். டிக்கியில ரெண்டு அரிசி மூட்டை போடுங்கோ. பாரம் இருந்தாச் சில்லு பிடிக்கும்."

"இழுக்கிறது முன் சில்லு, அங்கிள். பின்னால பாரம் போட்டா முன் சில்லு இன்னும் லேசாகும். கூட வழுக்கும்."

"கீரிச் சம்பா போட்டுப் பாரும் பிள்ளை, பிறகு சொல்லும்."

நான் கைபேசியை நிறுத்தினேன். என் கணவர் எழும்பிப் போய், குசினியில் அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அதைத் தூக்கியிருந்தால் எங்கள் குடும்பத்தில் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது. நல்லவேளை, தூக்கவில்லை.

எனக்கு வேலையில்லாத அடுத்த நாளில், யாருக்கும் சொல்லாமல், ரயிலேறி பிளாக்ஹீத்துக்குப் போனேன். பிறகு பார்த்தால் அது நல்ல ராகு காலம். பச்சைக் கார் அதே இடத்தில் நின்றது. ஆசிரியை கதவைத் திறந்து, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மற்றவர்கள்?"

"வரவில்லை."

"நம்பர் பிரச்சினை?"

"நம்பர் நல்ல நம்பர்," என்றேன்.

அவர் பக்கத்து இருக்கையில் இருக்க, மலையின் நிழற்பக்கத் தெருக்கள் எல்லாவற்றிலும் என்னை ஓடவிட்டார். எங்கே காலை எடுப்பது, எங்கே தாழ்ந்த கியரில் இறங்குவது என்று சொல்லித் தந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு காரை நானே பார்த்து, நானே ஓடி, நானே வாங்கினேன். திறப்பை வாங்கி, வீடு வரும்வரை பாடிக்கொண்டே ஓடினேன்.

வெள்ளைக் காரை உடனே விற்றோம். போட்ட விலைக்கே போனது, பச்சைக் காரின் விலை போக மிச்சத்தில் அதற்குப் புது டயரும் போட்டேன். றீசேல் விஷயத்தில் அங்கிள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, அதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன்.

என் கணவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் எழும்பிப் பார்த்தால், காருக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு, பின் இருக்கையிலிருந்து நாய் மயிரை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்த விதம் அதுதான். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிள் மட்டும், அந்தக் காரில் தான் கால் வைக்கப் போவதில்லை என்று கோயிலில் வைத்துச் சொன்னாராம். கோயிலில் சொன்னது நான் வேலை முடிந்து வருமுன்பே செவன் ஹில்ஸுக்கு வந்து சேர்ந்தது.

ஆவணி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு, ஒரு வெள்ளி இரவில் மலையில் பனி கொட்டியது. சனிக்கிழமை விடியற்காலையில் நான் கிளம்பினேன். கட்டூம்பாவுக்கு மேலே எல்லாம் வெள்ளை. மெதுவாக, ஆசிரியை சொன்னபடி, முன்னால் போகும் வண்டிக்கு நிறைய இடம் விட்டுப் போனேன். அந்தக் கடைசி ஏற்றம் வந்தது. வேலிக் கட்டை அப்படியே சரிந்து நின்றது. மெல்ல மிதித்தேன். முன் சில்லு கொஞ்சம் வழுக்கியது, உடனே பின் சில்லுகள் பிடித்துத் தள்ளுவது முதுகில் தெரிந்தது. கார் முனகியபடி ஏறியது. மேலே வந்ததும் நான் காருக்குள் தனியாக இருந்து, "ஏறிட்டன்!" என்று கத்தினேன்.

கடை நேரத்துக்குத் திறந்தது. அன்று அந்தத் தெருவில் திறந்த ஒரே கடை அதுதான். நீல விரல்காரர் வந்து மருந்தைக் குடித்துவிட்டு, நீ வரமாட்டாய் என்று நினைத்தேன் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று சொல்லவில்லை. மத்தியானம் பூட்டும் நேரத்தில் கடைக்காரி அழைத்தார். அவர் தானே நடத்தும் மற்றக் கடையையே அன்று திறக்க முடியவில்லையாம். "இனிக் குளிர்காலம் முடியும்வரை பார்க்கத் தேவையில்லை. திங்கட்கிழமை கையெழுத்துப் போடு," என்றார். நான் மருந்து அலுமாரிக்குப் பின்னால் போய் நின்று ஒருமுறை அழுதேன். அது பாறைக்குப் பக்கத்தில் அழுத அழுகையில்லை.

திரும்பி வரும்போது தெரு நிறையச் சிட்னிச் சனம். மலையில் பனி கொட்டினால் சமவெளியில் இருப்பவர்கள் பிள்ளைகுட்டியோடு கிளம்பிவிடுவார்கள். பிளாக்ஹீத்தில் ஒரு குறுக்குத் தெருவின் சரிவில், வாய்க்காலுக்குள் ஒரு சில்லு இறங்கிய நிலையில், எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஏழுபேர் வான் நின்றது. பக்கத்தில் அங்கிள், கையில் மண்வெட்டியோடு அல்ல, சாப்பாட்டுக் கரண்டியோடு பனி தோண்டிக்கொண்டிருந்தார். அன்ரி சேலைக்கு மேலே போர்வை போட்டிருந்தார். மூன்றாவதாக நின்று விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தவர் அன்ரியின் தம்பி. டொரொண்டோவிலிருந்து வந்திருக்கிறார். கனடாவிலிருந்து வந்தவருக்குப் பனி காட்ட அங்கிள் மலைக்குக் கூட்டி வந்திருக்கிறார்.

நான் காரை நிறுத்தி இறங்கினேன். வானின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு கீரிச் சம்பா மூட்டை. நான் மூட்டைகளைப் பார்ப்பதைக் கண்ட அன்ரி, எட்டிப் பின்கதவைச் சாத்தினார்.

"இழுவை வண்டிக்குச் சொல்லியாச்சு, ஆனா பின்னேரமாகுமாம்," என்றார் அங்கிள். அவருடைய பல்லு அடித்துக்கொண்டிருந்தது.

"வானைப் பூட்டிப்போட்டு ஏறுங்கோ அங்கிள். வீட்டை கொண்டுபோய் விடுறன்."

அன்ரியும் தம்பியும் கேட்டுமுடிக்க முன்பே ஏறிவிட்டார்கள். அங்கிள் ஏறவில்லை. காரின் முன்னால் போய் நின்றார். பிறகு பின்னால் போய் நின்றார். எனக்கு விளங்கியது. நம்பர் பிளேட்டைப் பார்க்கிறார். முன்னும் பின்னும் பனி அப்பி, ஒரு எழுத்துக்கூடத் தெரியவில்லை. அங்கிளின் முகம் தெளிந்தது.

"நம்பர் தெரியேல்லத்தானே," என்று சொல்லிவிட்டு முன் இருக்கையில் ஏறி, ஆசனப் பட்டியைப் போட்டார்.

கட்டூம்பா வரை அங்கிள் வெப்பக்காற்று வரும் துவாரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு, வளைவுகளில் கார் போகிற விதத்தைக் கவனித்துக்கொண்டு வந்தார். ஸ்பிரிங்வூட் தாண்டும்போது அவருடைய கைபேசி அடித்தது. கோயில்காரர் யாரோ.

"ஓம், ஓம், வான் மேல நிக்குது. நாங்கள் பிள்ளையின்ர காரில வாறம். சொல்லி வேலையில்லை, நல்ல கார். நாலு சில்லும் இழுக்கும். என்னது? ஓம், ஓம், நான்தானே முதல் பாத்தது."

கண்ணாடியில் அன்ரியைப் பார்த்தேன். அவர் முன்னுக்குச் சாய்ந்து, என் காதோடு சொன்னார்: "எங்கட வீட்டு நம்பரும் கூட்டினா எட்டுத்தான் பிள்ளை. வாங்கேக்க இவர், ஏ எண்ட எழுத்தும் இருக்கு, அதையும் சேர்த்தா ஒன்பது எண்டவர். அதுக்குப் பிறகு ஒருத்தரும் கூட்டிப் பாக்கேல்ல."

செவன் ஹில்ஸில் அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். வெயில் அடித்தது. இறங்கிய அங்கிள் காரைச் சுற்றி வந்தார். பனி உருகி வடிந்து, நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிந்தது. பழக்கதோஷம், விரலை மடித்தார். பாதியில் நிறுத்தி, விரல்களைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு என் பக்கத்துக் கண்ணாடியில் தட்டினார்.

"பிள்ளை, இதை விக்கிறதெண்டா வேற ஆருக்கும் சொல்லாமல் முதல் எனக்குச் சொல்லும்."

"விக்கமாட்டன் அங்கிள்," என்றேன். "திங்கக்கிழமை கடை திறக்கோணும்."